அண்ணன் நன்மை வாங்காத பாட்டுப்பூசை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு பாடிய நண்பர்களுக்கும் அவர் தங்கையின் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரை நல்லவர் என்று இங்கே எழுதப்போகிறேன். ஆனால் அதை நான் லேசில் நம்பியவள் இல்லை. யாரையும் லேசில் நம்புவது என் வழக்கமும் இல்லை.

ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒண்டுக்குடித்தனத்தில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட, படிப்பை விட்டுத் துறைமுகத்தில் சேர்ந்து கிரேன் ஓட்டி என்னை வளர்த்தார். யுத்த காலத்தில் குண்டு விழும் என்று ஊரே காலி செய்து ஓடியபோதும் வேலையை விடவில்லை. ஞாயிறு பாட்டுப்பூசைக்கு மாதா கோயில் மாடியில் உட்கார்ந்து கால் ஆர்மோனியம் வாசிப்பார். கேட்டால் கல்நெஞ்சுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஆனால் பூசையில் சுவாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்க அண்ணன் மாடியை விட்டு இறங்கியதே கிடையாது. போதாக்குறைக்குப் பூசைக்கு முன்னால் பாய் கடையில் டீயும் பன்னும் வேறு. நன்மை வாங்குகிறவன் நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடத் தொடமாட்டானே! சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லமுடியாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் நன்மை வாங்கவில்லை என்று தெருவே முடிவு கட்டியது. அடுத்த மாதம் முதல் வேறு ஆள் வாசிப்பார் என்று கோயில் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். ஆர்மோனியம் போனால் அண்ணன் உடைந்துபோவார். ஆனாலும் காரணம் கேட்டால் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

எனக்கும் சந்தேகம்தான். ஞாயிறு விடியுமுன் இஸ்திரி போட்ட சட்டையோடு சைக்கிளில் எங்கே போகிறார்? டீக்கடைக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு ஞாயிறு கை ரிக்ஷா பிடித்து, ரிக்ஷாக்காரரை விரட்டி விரட்டிப் பின்னாலேயே போனேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சின்னக் கோயிலில் சைக்கிள் நின்றது. உள்ளே பாட்டே இல்லாத பூசை. அண்ணன் முழந்தாளில் இருந்தார். நன்மை வாங்கித் திரும்பியவர் எதிரே நின்ற என்னைக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். நம் கோயிலில் சாமி இல்லையா என்று கேட்டேன்.

"கீறாரு. ஆனா அங்க நான் வேலையா கீறேன்மே. எவன் சுதி வுட்டான், எவன் முந்திக்கினான்னு காது அங்கியே பூடுது. சாமியே வந்தாலும் இருங்க வரேன்னுதான் சொல்லுவேன். இங்க வந்தாதான் கும்புட முடியுது."

"அப்போ நீ வாசிக்கிறது கும்புட்றது இல்லியா?"

"அது நீங்கல்லாம் கும்புட்றதுக்கு."

ஒரே நாளில் இரண்டுமுறை நன்மை வாங்கக்கூடாது. அதனால்தான் நம் கோயிலில் இறங்கவில்லை. இதைச் சொன்னால் பாடுகிறவர்கள் மனசு கெட்டுவிடும் என்று ஊர் வாயைப் பொறுத்துக்கொண்டாராம். நான் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரையே ரிக்ஷாவில் ஏற்றிப்போய்க் காட்டினேன். வேறு ஆள் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். ஆர்மோனியம் அண்ணனிடமே இருந்தது.

ஆனாலும் அண்ணன் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. கும்பிடாமல் வாசிப்பவர் வாசிப்பில் எனக்கு ஏன் அழுகை வரவேண்டும்? பாஸ்குத் திருநாள் பூசைகளில் திரும்பித் திரும்பி மாடியைப் பார்ப்பேன். அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடாது.

நெஞ்சு கெட்டு அண்ணன் படுத்த படுக்கையானபின், சுவாமியார் நன்மையோடு வீட்டுக்கு வந்தார். பாடுகிறவர்கள் மொத்தமும் வாசலில் நின்று மெதுவாகப் பாட ஆரம்பித்தார்கள். அண்ணன் கையை உயர்த்தினார்.

"பாடாதீங்கப்பா. சுதி பாக்கப் பூடுவேன். இத்த மட்டும் கும்புட்டு வாங்கிக்கிறேன்."

பாட்டு நின்றது. அன்றைக்குத்தான் அண்ணனை நம்பினேன். சத்தம் வராமல் அழுதேன்.

வீடு தேடி வந்த சுவாமியாருக்கும், மருந்து வாங்க ஓடிய துறைமுகத் தோழர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. வாசலில் பாடாமல் நின்ற பாடகர்களுக்கு எல்லாரையும்விடப் பெரிய நன்றி. இன்றைய பூசையில் தாராளமாகப் பாடுங்கள். அண்ணனுக்கு இனி வேலை ஒன்றும் இல்லை, நிம்மதியாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் சுதி தப்பாமல் பாடுங்கள். அவரை நம்ப முடியாது.