கடலோரத்துக்குப் போன எங்கள் கல்

கல்தூளுக்கு ஒரு வாசனை உண்டு. மண்வாசனை மாதிரி என்று அழகாக எழுதிவிடலாம், ஆனால் அது தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற வாசனை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குச் சாயங்காலம் அப்பா வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

நாட்றாம்பாளையத்துப் பக்கம் ராகி விதைத்துக்கொண்டிருந்தவர், மழை கைவிட்டதும் ஓசூருக்கு வந்து ஒரு கிரானைட் யூனிட்டில் "ஊதுற" வேலைக்குச் சேர்ந்தார். எழுத்து வெட்டிய ரப்பர் ஷீட்டைக் கல்லில் ஒட்டி, அதன்மேல் மணலைக் காற்றோடு பீய்ச்சினால், வெட்டிய இடத்தில் மட்டும் கல் அரித்து எழுத்து விழும், அதுதான் ஊதுவது. எல்லாம் கல்லறைக் கற்கள், அதிலும் பெரும்பாலானவை இங்கிலாந்தில் கடலோரத்துக் கிராமம் ஒன்றின் கல்லறைத் தோட்டத்துக்கு. உரித்துப்போட்ட ஷீட்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். "வெள்ளிக்கிழமை அதுவுமா பொணக் கல்லுப் பேச்சு எதுக்கு" என்று அம்மா முணுமுணுப்பாளே தவிர, ஷீட்டை மட்டும் குடத்தடியில் போடப் பத்திரமாக எடுத்துவைப்பாள்.

நான் இங்கிலீஷ் மீடியம் அல்லவா, ஷீட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படிப்பேன். நாலைந்து குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். தாத்தா புயலில் போயிருப்பார், அவரைத் தேடப் படகெடுத்த மகனும் போயிருப்பான், மருமகள் மட்டும் தொண்ணூறு தாண்டி வாழ்ந்திருப்பாள். பழைய கல் உப்புக்காற்றில் தேய்ந்துபோனவர்களுக்கும் புதுக் கல் போனதால், அந்த ஊரின் கதை எனக்கு ஓசூரின் கதையைவிட நன்றாகத் தெரிந்தது. புது வருஷத்துக்கு அங்கிருந்து வந்த காலண்டரில் ஊரையும் பார்த்தேன்: சரிந்து இறங்குகிற கல் பாவிய சந்து, நீலக் கதவு வைத்த வெள்ளை வீடுகள், மேட்டு விளிம்பில் மாதா கோயில், அதை ஒட்டிக் கடலைப் பார்த்தபடி அப்பாவின் கற்கள். கடலையே பார்த்திராத எங்களுக்கு அந்தக் கடல்மேல் என்ன உரிமையோ, ஆனால் இருந்தது.

அப்பாவுக்கு இருமல் தொடங்கியபோது அம்மா வேலையை விடச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. காலண்டரைக் காட்டி என்னிடம் சொன்னார்: "நாம எல்லாம் போயிருவோம் கண்ணு. இது அங்கயே நிக்கும். அது போதும் எனக்கு."

அது போதும் என்று அவர் நிஜமாகவே நம்பினார், இருபது வருஷம் அந்த நம்பிக்கையில்தான் ஊதினார். இன்று அவருடைய நுரையீரலில் கல்தான் இருக்கிறது என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம்.

போன வாரம் அந்த ஊரைப் போனில் காட்டச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தே தேடினேன், அதனால் மறைக்க வழியில்லாமல் போயிற்று. யாரோ வானத்திலிருந்து எடுத்த வீடியோ. வருஷா வருஷம் கடல் அரித்து மேடு சரிந்திருக்கிறது. கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் பச்சை மண் பிளந்து கிடந்தது, கீழே அலையடியில் கறுப்புக் கற்கள் கவிழ்ந்தும் உடைந்தும் கிடந்தன. மிச்சமிருக்கிற சடலங்களைத் தோண்டியெடுத்து, கடலைவிட்டுத் தள்ளி வேறு இடத்தில் புதைக்கப்போகிறார்களாம். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். யூனிட் இன்னும் ஓடுகிறதா, இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். வடக்கிலிருந்து வந்த பையன்கள், இருபது வயசுகூட இருக்காது என்றேன். மூச்சை இழுத்துக்கொண்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப அந்தப் பசங்க இதெல்லாம் மறுபடி ஊதணும்," என்றார்.