தளம் போட்ட அன்று நான் சொன்ன வாக்கு

இதை எழுத உட்கார்வதும் பேனாவை மூடி வைப்பதுமாக ஆறு வருஷம் போய்விட்டது. பயம்தான் காரணம். அம்மன் பெயரைச் சொல்லி நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை, நல்லதுதான் நடந்தது. அதனாலேயே வெளியே சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. எங்கள் தெருவில் அதை அம்மன் வாக்கு என்று இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அது என் வாக்கு. எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சங்கரன்கோவிலில் வீட்டோடு நாலு விசைத்தறி. தெரு முனையில் இருக்கிற அம்மன் கோவிலுக்குச் சாமியாடுவது எங்கள் குடும்பத்து வழி. அப்பாவுக்குப் பிறகு எனக்கு இறங்கியது. வருஷத்துக்கு ஒரு கொடை, அதுதான் எங்கள் கோவில் திருவிழா. எட்டு நாள் முன்னால் கையில் காப்புக் கட்டி விரதம் இருப்பேன். கொடையன்று மேளம் உச்சத்துக்குப் போகும்போது முதுகுத் தண்டில் வெந்நீர் ஏறுகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் வாயில் என்ன வந்தது, யாருக்குத் திருநீறு போட்டேன், ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறுநாள் என் வீட்டுக்காரி சொல்லித்தான் நானே கேட்டுக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடம். அதில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். மெயின் ரோட்டுப் பக்கத்து வாசலில் பள்ளம் தோண்டிவிட்டதால் வண்டி வாகனம் எல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு லோடு ஆட்டோ வந்தால் எதிரே வருகிற சைக்கிள் ஒதுங்க வேண்டிய தெரு அது. அதில் ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் மணல், நடுவில் பனவடலிசத்திரத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றி வருகிற வேன். ஆடித் தபசுக்கு ரத வீதியில் நிற்கிற கூட்டம் தினமும் காலை எட்டே முக்காலுக்கு என் வாசலில் நின்றது. நூல் ஏற்றி வருகிற ஆட்டோ உள்ளே வர முடியாமல், தெரு முக்கில் இறக்கித் தோளில் சுமந்து வருவேன்.

பொறுக்க முடியாமல் வாசலுக்கு இரண்டு பக்கமும் கல்லைப் போட்டுக் கயிறு கட்டினேன். பிள்ளையை விட வந்த ஒருவர் கயிற்றை அவிழ்த்து பைக்கை நிறுத்தினார்.

"ரோட்ட உங்க பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கா அண்ணாச்சி?"

"என் வாசல உம்ம பைக்குக்குப் பட்டா போட்டிருக்கா வே?"

பள்ளிக்கூடத்து வண்டிகளை எங்கள் தெருவில் விடக் கூடாது என்று ஒரு மனு எழுதினோம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அந்த வருஷம் கொடை வந்த செவ்வாய்க்கிழமையே பள்ளிக்கூடத்துக்குக் கூரைத்தளம் போடுகிற நாளாகவும் அமைந்தது. ஆளும் மிஷினும் அன்றைக்குத்தான் கிடைத்ததாம். கொத்தனார் முன்கூட்டியே வந்து எங்கள் கோவில் தலைவரிடம் கேட்டார். தலைவர் டீக்கடை வைத்திருப்பவர், எனக்கு மூத்தவர். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்துவிடுவது, ஐந்து மணிக்கு அம்மனைத் தூக்கி வைத்துச் சப்பரம் எடுப்பது என்று பேச்சு. எங்கள் சப்பரம் கிளம்பிவிட்டால் வந்த வழியே திரும்பாது. தெருவை வலமாகச் சுற்றித்தான் கோவிலுக்கு வர வேண்டும்.

அன்று காலையில் கலவை மிஷினில் பெல்ட் அறுந்துவிட்டது. வேறு வாங்கி மாட்டி வேலை தொடங்கும்போது மணி பதினொன்று. தெருவில் அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். தலைவரிடம் அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டோம். ஐந்து மணிக்குச் சப்பரம் கிளம்பிவிட்டது, சாமியாடிக்கொண்டு நான் முன்னால்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்ததும் நின்றது. எதிரே மிஷின், அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி. திருப்பலாம் என்றாலும் முடியாது. சாமி பார்க்க வந்தவர்கள் பின்னால் முழுக்க பைக்கை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"ஏலே, மிஷின ஆஃப் பண்ணுல. சாமி நிக்கிது கண்ணு தெரியலையா?" என்று எங்கள் தெருப் பையன்கள் பாய்ந்தார்கள்.

கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "பாதித் தளம் போட்டாச்சு தம்பி. இப்ப நிறுத்திட்டு நாளைக்குப் போட்டா ரெண்டும் சேராது. மழை பெஞ்சா அந்த விரிசல் வழியாத்தான் தண்ணி இறங்கும். கீழ பிள்ளையள்லா இருக்கும்."

"அப்ப சாமியவிட ஒம்ம தளம் பெரிசோ?"

"அப்படிச் சொல்லுவனா? எங்க ஊர்ல நானும் காப்புக் கட்டுத ஆளுதான். உங்க தலைவர்ட்ட கேட்டுத்தான நாள் குறிச்சேன்."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் அவிழாத வேட்டியை அவிழ்த்துக் கட்டினார்.

தலைமை ஆசிரியை வெளியே வந்து இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டார். யார் காதிலும் ஏறவில்லை. மிஷினைத் தள்ளிக் கவிழ்த்துவிடலாம் என்று நாலைந்து பேர் கை வைத்தாயிற்று. அப்போது தலைவர் என் பக்கம் திரும்பினார். "சாமிட்டயே கேப்போம். சாமி சொல்லுததக் கேளுங்க."

கூட்டத்தில் யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. "கேக்கவா வேணும்? மனுவுல மொதக் கையெழுத்தே சாமி போட்டதுதான."

சண்டை தொடங்கியதுமே மேளம் நின்றுபோயிருந்தது, அதிலிருந்து பேசினதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. என் உள்ளங்காலில் ஜல்லி குத்தியது. சாமி மேலே இருக்கும்போது நெருப்பே சுடாது. கல் குத்துகிறது என்றால் சாமி மலையேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் வேப்பங்குலையை வைத்துக்கொண்டு வெறும் மனுஷனாக நின்றேன்.

"தாயே, வழி சொல்லு" என்று தலைவர் கும்பிட்டார்.

சாமி இல்லை, மேளத்தை அடிங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. வாயைத் திறக்கப் போனபோது கண் சாரத்துப் பக்கம் போனது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த சித்தாள் பெண்கள், தலையில் கலவைச் சட்டியோடு வரிசையாகப் படியில் நின்றார்கள். கலவைத் தண்ணீர் கழுத்து வழியே ஒழுகியது. நடுவில் நின்ற ஒருத்தி மேலே நின்றவளிடம் மெல்லக் கேட்டாள். "எக்கா, எறக்கவா, ஏத்தவா?"

"சாமி சொல்லட்டும், நில்லுட்டி."

நான் சொன்னேன். அப்பா மேல் சாமி இறங்கிப் பேசுகிற குரலைச் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன்.

"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். பிள்ளையளுக்குக் கூரை முடியட்டும். அதுக்கப்புறம் என்னத் தூக்குங்க."

குலவை போட்டார்கள். மேளம் திரும்ப எழுந்தது. நான் ஆடினேன். சொன்னதைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தெரிந்தே ஆடினேன்.

சப்பரத்தை இறக்கி வைக்க இடம் தேடினார்கள். அந்தத் தெருவில் வண்டி நிற்காத இடம் நான் கயிறு கட்டியிருந்த என் வாசல் ஒன்றுதான். யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள், யாரோ சிரித்தார்கள். மிஷினைக் கவிழ்க்கப் போன பையன்களே கைமாற்றிச் சட்டி கொடுத்தார்கள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் தளம் முடிந்தது. கொத்தனார் கைகால் கழுவி வந்து அம்மனுக்குத் தேங்காய் உடைத்தார். மிஷினும் லாரியும் ஒதுங்க, சப்பரம் முன்னால் போனது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரி காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

"என்ன, இந்தத் தடவ ஒண்ணும் கேக்கலியே?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தறிப்பக்கம் போய்விட்டாள்.

கட்டடம் முடிந்து மெயின் ரோட்டு வாசலைத் திறந்தார்கள். தெரு பழையபடி ஆகிவிட்டது. கதைதான் நிற்கவில்லை. அம்மன் பார்த்ததும் மிஷின் தானாக நின்றதாம். அந்தக் கூரை மேல் அம்மன் குடியிருக்கிறாளாம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிவந்து என்னிடம் திருநீறு பூசச் சொல்கிறார்கள். பூசுகிறேன். பூசும்போது கை கூசுகிறது.

அடுத்த கொடைக்கு முன்னால் தலைவரின் கடைக்குப் போய், எனக்குக் காப்பு வேண்டாம், அன்றைக்குப் பேசினது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"சாமி வாரது உமக்குத் தெரியாது. பேசுதது தெரியாது. போறது மட்டும் தெரிஞ்சிட்டோ?"

"கல்லு குத்திச்சு அண்ணாச்சி."

"குத்தட்டும் வே. காப்பக் கட்டும்."

கட்டிக்கொண்டேன். அந்த எட்டு நாளும் தூக்கம் இல்லை. மேளம் ஏறியும் அம்மன் வராமல் நான் மட்டும் நடுவில் நிற்பேன் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன். வந்தாள். கண் விழித்தபோது கோவில் வாசலில் கிடந்தேன். மறுநாள் வீட்டுக்காரியிடம் என்ன பேசினேன் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அழுதேன்.

அம்மன் என்னை மன்னித்தாளா, இதையெல்லாம் கணக்கிலேயே எடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் திரும்ப வந்தாள் என்பதற்காக அன்று நான் சொன்னது அவள் சொன்னதாகிவிடாது.

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள், எங்கள் தெரு ஆட்கள் காதிலும் விழட்டும். சொல்லும்போது எனக்கு இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், அம்மன் மேல் பக்தியில் எதையும் கூட்டவும் வேண்டாம். மிஷின் நின்றது காலையில், பெல்ட் அறுந்ததால். சப்பரம் காத்து நின்றது என் சொல்லால். நான் சொன்னேன் என்று எழுதியிருக்கிற இடத்தில் அவள் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.