கஜேந்திரனின் மூன்றாவது ரஷ்யப் பெட்டி

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் கஜேந்திரனிடம் மூன்று கணினிகள் உண்டு. மூன்றையும் கூட்டினாலும் ஒரு கைத்தொலைபேசியின் மூளையில் நகக்கண் அளவு தேறாது. இங்கிலாந்துக்காரன் செய்த வீட்டுக் கணினியைப் பார்த்துச் சோவியத் தொழிற்சாலைகள் அந்தக் காலத்தில் செய்த நகல்கள் அவை. சுற்றுலாப் பயணிகள் வரும் எல்லவில் விடுதி விடுதியாய் ஹீட்டர் திருத்தப் போனபோது, கூலி வேண்டாம், ஊரில் பழைய கணினிப் பெட்டி கிடந்தால் கொண்டுவாருங்கள் என்று ரஷ்யப் பயணிகளிடம் கேட்டுச் சேர்த்தான்.

ஒரே விளையாட்டை மூன்றிலும் ஏற்றி, வேகத்தையும் நிறத்தையும் கொப்பியில் எழுதி ஒப்பிட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். விளையாட்டு இருந்ததோ ஒரேயொரு கெசட்டில். பாட்டுக் கெசட்டேதான்; அதில் பதிந்த கிரீச் சத்தத்தைக் கேட்டுத்தான் இந்தப் பெட்டிகள் விளையாட்டை ஏற்றிக்கொள்ளும். இரண்டு பெட்டி முடிந்து, மூன்றாவதைத் திருத்திக்கொண்டிருந்தபோது கோயில் திருவிழா வந்தது.

பதுளை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்குமே என்று, அந்தக் கெசட்டை வெள்ளித்தாள் ஒட்டிய தேயிலைப் பையில் மனைவி சுதர்ஷினியின் அம்மன் பாட்டுக் கெசட்டோடு வைத்திருந்தான். இரண்டிலும் எழுத்து அழிந்திருந்தது. சவுண்ட் செட்டுக்கார ரமேஸ் பழைய பாட்டுக் கேட்டு வந்தான். சுதர்ஷினி கைக்கு வந்ததைக் கொடுத்தனுப்பினாள்.

காலைப் பூசையில் ஒலிபெருக்கி நூறு தகரத்தை ஒன்றாய்க் கிழித்ததுபோல் கிரீச்சிட்டது.

"நிப்பாட்டு ரமேஸு!" கஜேந்திரன் பாய்ந்தான். அதற்குள் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது.

"கைய எடுடா!" என்றார் கோயில் தலைவர் வீரய்யா. "ஆத்தா ஆடுறப்ப பாட்ட நிப்பாட்டுனா தோட்டம் தாங்குமா?"

"இது பாட்டு இல்லீங்க, கம்ப்யூட்டருங்க!"

"ஆத்தாவுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா?"

கிரீச்சல் ஓயும்வரை, ஐந்து நிமிடம், ரெங்கம்மா ஆடினாள். சாமி மலையேறிய கையோடு மெஷின் கெசட்டைத் தின்றது. நாடா இடியாப்பமாய் வெளியே வந்தது.

கஜேந்திரனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரமேஸ் ஒரு பென்டிரைவோடு வந்தான்.

"அண்ணே, கொழும்புல இருக்க நம்ம ஆளுங்களுக்கு அனுப்ப பூசைய மிக்சர்லயிருந்து நேரா ரெக்கார்ட் பிடிச்சேன். மேளம், கூச்சல் ஒன்னும் விழல. அந்தச் சனியன் மட்டும் முழுசா இருக்கு."

திருத்தி முடித்த மூன்றாவது பெட்டிக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். திரையில் கோடுகள் ஓடின, விளையாட்டு எழுந்து நின்றது. மற்ற இரண்டையும்விடச் சோம்பேறிப் பெட்டிதான். கஜேந்திரனுக்குக் கண் கலங்கியது. அந்த மெஷின் எப்படியும் கெசட்டைத் தின்றிருக்கும்; வீரய்யா தடுத்திராவிட்டால் பதிவில் பாதிதானே மிஞ்சியிருக்கும்?

ரெங்கம்மாவுக்குச் சேலை கொண்டுபோனான்.

"எதுக்கு தம்பி?"

"நீங்க ஆடுனதுக்குக்கா."

"நானா ஆடுனேன்? ஆத்தாகிட்ட சொல்லு." சேலையை மட்டும் திருப்பித் தரவில்லை.

கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து கொப்பியைத் திறந்தான். வேகம், நிறம் எழுதியபின் 'உதவி' என்று புதிதாய் ஒரு கட்டம் போட்டான். ரெங்கம்மாக்கா, வீரய்யா, ரமேஸ். இடம் போதாமல் ஆத்தாவை ஓரத்தில் எழுதினான்.