எதிரெதிர் பெஞ்சு

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலுள்ள திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கக் குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். அப்பாவின் பழைய ஜீப்பில் பின்பக்கம் காலியாகத்தான் கிடந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாக அனுமதி வாங்கி, ராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போனேன்.

"முன்பக்கம் பாத்த மாதிரி சீட்டு போட்டா மூணு பேருதான். எதிரெதிரா பெஞ்சு போட்டா ஆறு பேரு தாராளமா உக்காரலாம்" என்றார் பட்டறைக்காரர்.

ஆறு என்றதுமே தலையாட்டிவிட்டேன். அப்பாவின் தங்கைகள் இருவரும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அப்போது புத்தியில் உறைக்கவே இல்லை.

அன்று காலை, கடைசியாக ஏறிய சின்னத்தைக்கு மிஞ்சியது பெரியத்தைக்கு எதிரே இருந்த இடம்தான். முழங்காலும் முழங்காலும் இடித்தன. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாராவது இறங்கிவிடும்முன் வண்டியைக் கிளப்பினேன்.

பக்கவாட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாத பெரியத்தைக்கு வழியில் வயிற்றைப் புரட்டியது. முந்தானையால் வாயைப் பொத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் ஓரங்கட்டுவதற்குள் சின்னத்தை தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"குமட்டுதாக்கா? இதை மோந்துக்கிடு."

பெரியத்தை அதை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது முன்கதவைத் திறந்துவிட்டு, "அத்தை, பின்னாடி உங்களுக்கு ஒத்துக்கலை. இங்க உக்காருங்க" என்றேன்.

"ஏட்டி, நீ பேசாம வண்டிய ஓட்டு. நான் பின்னாலயே வாரேன்" என்று ஏறி, எதிரே உட்காரும் சின்னத்தைக்காகக் காலை ஒடுக்கிக்கொண்டார்.

நேர் சீட்டாக மாற்றிவிடு என்று இன்றைக்கும் யாராவது சொல்வார்கள். மாற்ற மாட்டேன்.