இரண்டு டன் தாங்கும் பெல்ட்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், ஏழு மணி ரயிலைப் பிடிக்கிற அவசரம். கேட்டைத் திறக்கிறேன்... கால் பக்கமாக ஏதோ ஒன்று சரேலென்று போனது. திரும்பிப் பார்த்தால் செயின் இருக்கிறது. செயின் முனையில் கழுத்து பெல்ட்டின் வளையம் மட்டும் தொங்குகிறது. மைனரைக் காணோம்.

மைனர் எங்கள் வீட்டு நாய். வயது இரண்டு, எடை இருபத்தெட்டு கிலோ. கொஞ்சம் ராஜபாளையம், மிச்சம் எங்கள் தெரு. என் மகன்தான் குட்டியாகக் கொண்டுவந்தான். "நானே பாத்துக்கறம்மா" என்றான். ஆறு மாதம் பார்த்துக்கொண்டான். அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறான். 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்பதற்கு முன்னால் 'மைனரக் காட்டு' என்கிறான். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா?

கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில், நாய் அறுத்துக்கொண்டு ஓடுவது விளையாட்டில்லை. முனை திரும்பினால் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள், ஷிப்ட் பஸ்கள். அன்றைக்கு மைனர் நேராகப் போய் ஒரு கம்பெனி பஸ்ஸின் முன்னால் நின்றான். டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் சைக்கிளில் வந்த தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் மோதி விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. என் ரயிலும் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால்தான் மைனர் எந்நேரமும் வாசலில், ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடக்கிறான்.

"ஏம்மா, எத்தினி வாட்டி சொல்றது? இது நாலாவது வாட்டி. எவனாச்சும் அடிபட்டு செத்தான்னா நம்ம ஊட்டாண்ட தான் வந்து நிப்பானுங்க. இன்னொரு வாட்டி இது அறுத்துக்கினு ஓடுச்சுன்னா எங்கனா கொண்டுபோய் உட்டுடு. இல்ல, நீ வேற ஊடு பாத்துக்கோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பதினோரு வருஷமாக இருக்கிற வீடு. மறுபடி வீடு தேடி அலைகிற தெம்பு இல்லை. மைனரை எங்காவது விட்டுவிட்டு வருகிற மனசும் இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி - அறுபடாத பெல்ட்.

பெல்ட் விஷயத்தில் நான் ஓர் ஆராய்ச்சியே முடித்தவள். முதலாவது ரெக்சின். பத்து நாள் வந்தது. இரண்டாவது நைலான். பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, பிளாஸ்டிக் கிளிப்தான் சிதறிவிட்டது. மூன்றாவது அசல் தோல். மழையில் ஊறி, வெயிலில் விறைத்து, ஊசி மாட்டுகிற ஓட்டையில் பிய்ந்துகொண்டது. நான்காவது பொன்னேரிக் கடையில் வாங்கியது. இரட்டைத் தையல் போட்ட தோல். "ரெண்டு வெரலு உள்ள போற மாதிரி மாட்டுங்கம்மா. அதுக்கு மேல லூஸு உட்டா தலைய உருவிக்கும்" என்று கடைக்காரர் கற்றுக்கொடுத்தார். அப்படியே மாட்டினேன். தையல் நின்றது, தோல் நின்றது, பற்றவைக்காமல் சும்மா வளைத்துவிட்டிருந்த வளையம் வாயைப் பிளந்துவிட்டது. நாமெல்லாம் பட்டையைத்தானே இழுத்துப் பார்த்து வாங்குகிறோம்... வளையத்தை யார் பார்க்கிறார்கள்?

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு டேவிட் வருகிறார். இரும்பு ஆலையில் ரிக்கர். அதாவது, கிரேன் தூக்குவதற்கு முன்னால் பாரத்தைப் பட்டை போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டி, 'தூக்கு' என்று கை காட்டுகிறவர்.

"இன்னாக்கா, ஒரு நாய்க்குப் போயி இம்மாம் பேஜாரா? நான் பாத்துக்கறேன், உடுக்கா."

சனிக்கிழமை கொண்டுவந்தார். பாரம் தூக்குகிற பச்சைப் பட்டையில் ஒரு துண்டு. கொஞ்சம் தேய்ந்தாலும் ஆலையில் அதைக் கழித்துவிடுவார்களாம். யாரும் தெரியாமல் மறுபடி மாட்டிவிடக் கூடாதென்று துண்டு துண்டாக வெட்டித்தான் போடுவார்களாம். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்து இரண்டு முனையையும் மடித்துக் காது தைத்து வாங்கியிருந்தார். காது இரண்டையும் சேர்த்து ஓர் இரும்பு ஷாக்கிள், அதாவது குறுக்கே ஆணி போட்டு முடுக்குகிற லாட வடிவ வளையம்.

"ஊதா கலர் ஒரு டன்னு. பச்ச ரெண்டு டன்னு. மஞ்ச கூட கீது, மூணு டன்னு... உனுக்கு இது போதும்க்கா."

மைனர் கழுத்தில் இரண்டு விரல் இடைவெளி சரியாக விட்டு, செயினையும் ஷாக்கிளில் கோத்து, அதன் ஆணியை ஸ்பேனரால் முடுக்கினார். செயினின் மறுமுனையையும் அதே மாதிரி இன்னொரு ஷாக்கிள் போட்டு ஜன்னல் கம்பியில் முடுக்கினார். "இனிமே கையால எவனும் கழட்ட முடியாது" என்றார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இருபத்தெட்டு கிலோ நாய்க்கு இரண்டு டன் பெல்ட். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறேன். தெருவில் பன்றிகள் போகிற சத்தம். மைனர் குரைத்தான். செயின் ஒருமுறை 'டங்'கென்றது. அப்புறம் சத்தமே இல்லை.

சும்மா இருக்கிற ஜென்மமா அவன்? எழுந்து வந்து பார்த்தேன். வாசலில் நாய் இல்லை. செயின் மட்டும் ஜன்னலிலிருந்து கிளம்பி, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கி, விறைத்து நிற்கிறது. பெல்ட் அறுபடவில்லை. அதுதான் அறுபடாதே!

ஜன்னல் கம்பியில் இருந்த ஷாக்கிளைத் திருகினேன். மீன் ஆய்ந்த கையில் வழுக்கியது. அசையவே இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். மைனர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தான். பின்னங்கால் நகம் தரையைத் தொட்டும் தொடாமலும் பிராண்டுகிறது. கண் பிதுங்கி, நாக்கு நிறம் மாறி... அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். தாங்கிப் பிடிக்கத்தான் முடிந்தது. அதற்கு மேல் தூக்க என்னால் ஆகவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஓடி வந்தது வீட்டுக்காரம்மா. அறுபது வயதுக்கு மேல். புடவையை வரிந்து செருகிக்கொண்டு, மைனரின் பின்பக்கத்துக்குக் கீழே தோளைக் கொடுத்தார்.

"தூக்கு! இன்னா பாத்துக்கினு நிக்கற? தம் கட்டித் தூக்கும்மா!"

இருவரும் சேர்ந்து அவனைச் சுவரின் மேல் ஏற்றி, உள்பக்கம் தள்ளிவிட்டோம். தொப்பென்று விழுந்தான். சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். பட்டை தளர்ந்திருந்தது. ஆனால் அவன் அசையாமல் கிடந்தான்.

அந்த நேரத்தில் மகனுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தோன்றவில்லை. இந்த நாயை நான் இவ்வளவு நாளும் மகனுடைய நாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, அவன் என் நாய். இந்த வீட்டில் நான் ஒருத்தி, அவன் ஒருவன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்படி ஒரு காலை வேண்டியிருந்தது.

இருமினான். வாந்தி எடுத்தான். அப்புறம் மெதுவாக என் மீன் கையை நக்கினான். அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு டேவிட் ஸ்பேனரோடு ஓடி வந்தார். பெல்ட்டின் ஆணியைக் கழற்றினார். கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தெனிக்கும் லோடு மாட்டறதுக்கு முன்னாடி, இது எந்தப் பக்கம் ஆடும், எங்க போயி இடிக்கும்னு சுத்தி வந்து பாப்பேங்க்கா. அத்தப் பாக்காம கையே காட்ட மாட்டேன். இங்க டன்னு மட்டுந்தான் பாத்தேன். செவுரப் பாக்கல."

அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? நானும்தான் பார்க்கவில்லை. நான் திட்டித் தீர்த்த அந்தப் பழைய பெல்ட்டுகளில் எதைப் போட்டிருந்தாலும் அன்றைக்கு அறுந்திருக்கும். மைனர் பன்றியைத் துரத்திக்கொண்டு போயிருப்பான். எனக்கு வீடு போயிருக்கலாம், அவனுக்குக் கழுத்து தப்பியிருக்கும்.

கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள், பிள்ளைக்கு இன்னொரு டியூஷன், நாய்க்கு இன்னும் தடித்த பெல்ட் - இப்படித்தான் நம் வண்டி ஓடுகிறது. எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறோம். ஏன் இழுக்கிறது என்று கேட்க நமக்கு எங்கே நேரம்? காலையில் ஏழு மணி ரயிலுக்குப் போய் ராத்திரி ஏழரைக்கு வருகிறவள் நான். அதுவரை கட்டிக் கிடக்கிற இரண்டு வயது நாய் இழுக்காமல் என்ன செய்யும்?

வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புடவையெல்லாம் சேறு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இனிமே இத்தக் கட்டாத. என்னால இன்னொரு வாட்டி பாக்க முடியாது. காலைல பஸ்ஸுங்க வர்றதுக்கு முன்னாடி ஏரிக்கரையாண்ட இட்டுக்கினு போயி நல்லா ஓட்டு. அப்பால உள்ளயே படுத்துக்கட்டும்."

"உள்ளேயா? நீங்கதானேம்மா வீட்டுக்குள்ள..."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்."

இப்போது நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். மைனருக்குச் சாதாரணத் தோல் பெல்ட், பற்றவைத்த வளையம், இரண்டு விரல் இடைவெளி. செயினின் மறுமுனை ஜன்னலில் இல்லை, என் கையில். ஏரிக்கரையை இரண்டு சுற்று. எனக்கு முட்டி வலி, முதுகு வலி, ரயிலில் நின்றபடியே தூக்கம். மைனரோ திரும்பி வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் விழுகிறான். ராத்திரி நான் வந்துதான் எழுப்ப வேண்டியிருக்கிறது. கேட் திறந்து கிடந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறான்.

நாயைக் கட்டிப்போடக் களைப்பை மிஞ்சின பெல்ட் எந்தக் கடையிலும் இல்லை. கஷ்டம் என்னவென்றால், அந்தக் களைப்பை முதலில் நாம் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது!