கன்றுகளுக்கு நான் வைத்த தண்ணீர்

சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தண்ணீர்க் கிளாஸை நீட்டிவிடுவேன். குடித்து முடிக்கும்வரை முன்னால் நிற்பேன். இதற்காக என் கணவர் என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை. அந்தக் குணம் அவருடைய பதினெட்டு மாட்டுக் கன்றுகளுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நாலு தரம் எழும்பிப் போய்விட்டு வந்துவிட்டேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் இருபது வருஷம் வேலை செய்தவரை ஒரு காலையில் கூப்பிட்டு, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் ஆறு மாதம் வாய் திறந்து சிரிக்கவில்லை. பிறகு ஒருநாள் திடீரென்று கன்று வளர்க்கலாம் என்றார். நகரத்துக்கு வெளியே, பாபகூரா என்ற ஊருக்கு அப்பால் பத்து ஏக்கர் புல்லோடு ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம்.

பால் மறந்த இறைச்சிக் கன்றுகளை வாங்கி, சில மாதம் புல்லில் விட்டு உடம்பு தேற்றி, கொழுக்க வைக்கிற பெரிய பண்ணைக்காரரிடம் விற்பதுதான் தொழில். புல் தானாக வளரும், கன்று தானாகத் தின்னும் என்று நானும் நம்பினேன். வந்த பிறகு வேலி, லொறி, புழு மருந்து, காதில் குத்தும் அடையாளப் பட்டி, மழை பெய்யாத மாதத்துக்குக் காய்ந்த புல், மிருக வைத்தியர் என்று ஒவ்வொன்றாகக் காசுக்குக் கையை நீட்டின. விற்கிற நேரம் விலை இறங்கினால் அதுவும் எங்கள் தலையில். வேலை போனபோது கிடைத்த காசு முழுவதும் அந்தக் கன்றுகளாகத்தான் நின்றது. வாடகைக்காக அவர் பகலில் பார்சல் வான் ஓட்டினார். நான் பாட்டனி டவுன்ஸில் ஓர் உடுப்புக் கடையில் பின்னேர வேலைக்குப் போனேன்.

காசு போனால் உழைக்கலாம். எனக்கு இருந்த பயம் வேறு. கன்றுகள் வந்த வாரத்திலிருந்து மனுஷன் விசிலடித்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணி குடிக்க முன்னமே போய் கன்றுகளின் வெள்ளை முகங்களை எண்ணிவிட்டு வந்தார். இதுவும் கவிழ்ந்தால் ஆள் திரும்ப எழும்பமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பெப்ரவரி முடிவில், கோடை கழிகிற நேரம், ஒரு மழை பெய்து பின்னால் புழுக்கம் வந்தால், இங்கே புல்லின் அடியில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். ஈரல் கெட்டால் வெயில் பட்ட தோல் வெந்து உரியும். நோய் வந்த பிறகு அதற்கு மருந்தில்லை. வராமல் காக்க, குடிக்கிற தண்ணீரில் சிங்க் தூள் கலக்க வேண்டும். அவர் என்னுடைய கேக் தராசைப் பறித்துக்கொண்டு போய், தினமும் காலையில் தூளை நிறுத்துக் கலந்தார். கிராம் கணக்குப் பிசகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பார்.

கன்றுகள் தொட்டியை மோந்துவிட்டு விலகின. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். நாக்கு சுருண்டுவிட்டது.

"கசக்கத்தான் செய்யும். வேற தண்ணி இல்லையெண்டா குடிக்குங்கள்," என்றார் அவர்.

அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் அவர் வானில் ஏறிப் போன பிறகு, பத்து மணி வெயிலில் பதினெட்டும் வேலியோடு வந்து நின்று மூக்கை நக்கிக்கொண்டு என்னையே பார்க்கும். வீட்டுக்குள் போவேன், ஜன்னலுக்கு வருவேன், திரும்ப வெளியே போவேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த பழைய குளியல் தொட்டியைக் கழுவி, குழாய் போட்டு நிரப்பினேன். தள்ளுப்பட்டுக் குடித்தன. எனக்கு வயிறு குளிர்ந்தது. மருந்துத் தண்ணீரையும் கொஞ்சம் குடிக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைக்குப் போகுமுன் மிச்சத்தை ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைப்பேன். நுளம்பு பெருகும் என்பது நான் எனக்குச் சொன்ன காரணம். உண்மையில் அவர் ஏசுவார் என்ற பயம்தான். மருந்துத் தொட்டி குறையக் குறையக் குழாயிலிருந்து தானாக நிரம்பும், எப்போது பார்த்தாலும் முட்ட நிற்கும். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரலில் கன்றுகள் மரநிழலை விட்டு வெளியே வர மறுத்தன. கண்ணால் நீர் வழிந்தது. வெள்ளை முகங்களில் தோல் பட்டை பட்டையாக எழும்பியது. மிருக வைத்தியர் வந்து இரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று மறுபடி வந்து, மருந்து போதிய அளவு உள்ளே போகவில்லை என்றார்.

"இவை குடிக்க வேறு எங்கேயாவது தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றார் என் கணவர் உடனே. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. நான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். அதை வைத்தியரிடம் நீட்டினேன்.

அந்த வாரம் இரண்டு கன்றுகளைத் துப்பாக்கியால் சுட வேண்டி வந்தது. வாங்குவதாகச் சொல்லியிருந்த பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே வாகனத்தை நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்காமலே போய்விட்டார். உயிரோடிருந்தவற்றில் பாதி இனி உடம்பு வைக்காது என்று வைத்தியர் சொன்னார்.

என் கணவர் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை வைத்துத் தராசைச் சோதித்தார். தராசு சரியாக இருந்தது. பிறகு தன்னையே சோதிக்கத் தொடங்கினார். வானைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். பார்சல் முகவரியை இரண்டு தரம் எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. எவ்வளவு கோழை நான்.

ஒரு சனிக்கிழமை காலை தூள் வாளியையும் கரண்டியையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இனித் தூளை நீர்தான் அளந்து போடும். என்ர கையை எனக்கே நம்பேலாமல் கிடக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்கட கையில பிழையில்லை. கொட்டிலுக்குப் பின்னால நான் நல்ல தண்ணி வைச்சனான். ஒவ்வொரு நாளும். அதுகள் அதைத்தான் குடிச்சதுகள்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்த வேண்டும் என்று மனம் கெஞ்சியது. கரண்டியைத் திரும்ப எடுத்துக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"அப்ப நான் அளந்தது சரிதானே?"

"ஓம். சரி."

"ஒரு நாளும் பிசகேல்லை?"

"ஒரு நாளும் இல்லை."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நிம்மதியில்தான் அழுதார், எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைத்தான் மூன்று வாரம் நான் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.