செயலாளருக்கு ஒரு ‘டெசிஸ்ட்’

சிட்லபாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் வாயால் பேசுவது தமிழ். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் ஆங்கிலத்தில்தான் ஆணையிடுவார்.

நான்கு மாதம் முன்பு என் ஃபிளாட் எண்ணைப் போட்டு, மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை ‘டெசிஸ்ட்’ செய்யவும் என்று எழுதினார்.

“அப்படின்னா என்ன சார்?” என்று குரூப்பிலேயே கேட்டேன்.

“உங்க பொண்ணு கான்வென்ட்லதானே படிக்குது? கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க” என்றார்.

ஏழு பேர் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டார்கள். ஏழு பெயரும் நினைவிருக்கிறது.

மகளிடம் கேட்கவில்லை. அகராதியில் நானே பார்த்தேன். செய்துகொண்டிருப்பதை நிறுத்து என்று அர்த்தம். அதன்பின் காத்திருந்தேன்.

இன்று காலை கீழே இறங்கினால், லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டு, செயலாளர் தன் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். இங்கே கார் கழுவக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

படம் எடுத்து குரூப்பில் போட்டேன். அவருடைய ஃபிளாட் எண்ணையும் போட்டு, ‘டெசிஸ்ட்’ செய்யவும் என்று எழுதினேன்.

உடனே போன் வந்தது. “என்ன மேடம், நேர்ல சொல்லியிருக்கலாமே? அது மரியாதை இல்லாத வார்த்தை.”

“அப்படியா சார்? அகராதில அதைப் போடலையே.”

பத்தே நிமிடத்தில், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குரூப்பை மாற்றிவிட்டார்.

அதனால்தான் இங்கே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். அந்த ஏழு பேரும் என் நண்பர்கள் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். வாங்க, இப்போது சிரிங்க.